மீன் பெட்டிக்கு லீவு விட்ட நாள்

ரைஸ் மில்லில் வேலை பார்த்தவனுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் காது கேட்கும். ஆயுத பூஜை அன்று. மற்ற நாளெல்லாம் பெல்ட் சத்தம். எதிரில் நிற்பவன் என்ன சொல்கிறான் என்று வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அந்த ஒரு நாள் முதலாளி மோட்டாரை நிறுத்துவார். கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவோம். மறுநாள் நல்ல நேரம் பார்த்து மறுபூஜை போட்ட பிறகுதான் மோட்டார் ஓடும். அதுவரை சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் கையை முறித்துவிடுவேன் என்பார் முதலாளி. யார் கையையும் முறித்ததில்லை. யாரும் வைத்ததும் இல்லை.

வருஷமெல்லாம் உழைக்கிற இரும்புக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்காதவன் மனுஷனா என்று கேட்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஐந்தாவதோடு நின்றவன் நான். மில்லில் கற்றதுதான் படிப்பு.

மில்லை மூடிவிட்டார்கள். இடத்தை மனை போட்டு விற்றார்கள். கொஞ்ச காலம் கரும்பு வெட்டப் போனேன். முதுகு ஒத்துவரவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பெட்டி வந்தது.

பெட்டி என்றால் இரண்டு பெட்டி. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். மேலே மூடி. பாகூர் போகிற ரோட்டோரம் கொம்யூன் பஞ்சாயத்து இடத்தில் தகரக் கொட்டகை போட்டு அதற்குள் வைத்தார்கள். கொட்டகைக் கூரை முழுக்க சோலார் தகடு. பகலில் வெயில் அடிக்க அடிக்க பெட்டிக்குள் பக்கவாட்டில் பனி உறைந்துகொள்ளும். இரவுக்கு அந்தப் பனிக் குளிர் போதும். கரண்டு கம்பி கிடையாது. பில் கிடையாது. புகை இல்லை, சத்தமும் இல்லை. மில்லில் இருந்தவனுக்கு அந்தச் சத்தம் இல்லாததுதான் பழக நாளானது. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று மேலே கை வைத்துத்தான் பார்ப்பேன். லேசாக ஒரு நடுக்கம் இருக்கும். கன்றுக்குட்டி விலாவில் கை வைத்த மாதிரி.

இந்த மாதிரி ஒரு பெட்டியை வாங்க எங்கள் பக்கத்தில் வியாபாரம் செய்கிற பெண்களால் முடியாது. கம்பெனிக்கும் அது தெரியும். அதனால் அவர்கள் பெட்டியை விற்கவில்லை. குளிரை வாடகைக்கு விட்டார்கள். ஒரு ட்ரேவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு. வைக்கிற நாளுக்குக் கொடுத்தால் போதும். வைக்காத நாளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி பூவுக்கும் கீரைக்கும் தயிருக்கும். இன்னொன்று மீனுக்கு. பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்கள். சம்பளமும், உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்.

கம்பெனியிலிருந்து வந்தவருக்கு என் மகன் வயது இருக்கும். நான் சார் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார்.

"அண்ணா, பெட்டி நெறையணும். காலியா கெடந்தா வேற கொம்யூனுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவாங்க. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். வாங்கியவர்கள் அதில் வடை மடித்தார்கள்.

முதலில் வந்தவள் சோரியாங்குப்பத்து மீன்காரிதான். டி.வி.எஸ். மொபெட்டில் பின்னால் அலுமினிய அன்னக்கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். விடிவதற்குள் கடற்கரையில் எடுப்பாள். உச்சிப்பொழுதுக்குள் விற்க வேண்டும். வெயில் ஏற ஏற விலை இறங்கும். மிஞ்சியதைப் பாதிக்குக் கொடுப்பாள், அப்புறம் அதிலும் பாதிக்கு. அவளே சொல்லுவாள்:

"பன்னெண்டு மணி வரிக்கும் மீனுக்கு நான் மொதலாளி. அதுக்கு மேல எனக்கு மீனு மொதலாளி. அது சொல்ற வெலதான்."

ஒரு நாள் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னாண்ணா இது, ஐஸ் போடாத ஐஸ் பெட்டியா?"

"வெயில்ல ஓடுது."

"வெயில்லதான் என் மீனு கெடுது. அதே வெயில்ல உன் பெட்டி ஜில்லுனு ஆவுதா? யாருகிட்ட கத உடுற?"

"கைய உட்டுப் பாரு."

மூடியைத் திறந்தேன். கையை விட்டாள். அப்புறம் தலையையே விட்டாள். சித்திரை வெயில் அது. வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"யண்ணா, மீன வேணா வெளிய வெச்சிடலாம். நான் உள்ள படுத்துக்குறேன். எவ்ளோ வாடக?"

மறுநாளிலிருந்து வைக்க ஆரம்பித்தாள். மிஞ்சியதை வைத்துவிட்டுப் போய், சாயங்காலம் எடுத்து விற்றாள். சில நாள் மறுநாள் விற்றாள். பாதிக்குக் கொடுப்பது நின்றது. அப்புறம் அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். மீன் மலிவாக வருகிற நாளில் கூடுதலாக எடுத்தாள். கிடைக்காத நாளில் விற்றாள். இதை கம்பெனி சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளைப் பார்த்துத்தான் பூக்காரி வந்தாள். பூக்காரியைப் பார்த்துத் தயிர்க்காரர்கள் வந்தார்கள். பெட்டி நிறைந்தது. கம்பெனி சார் போனில் பார்த்துவிட்டு, "சூப்பர்ணா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் இருந்தது.

புரட்டாசியில் அவளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. பக்கத்து ஊரில் ஒரு கிறிஸ்தவர் வீடு. கரும்பு, நெல் என்று வசதியான குடும்பம். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞாயிற்றுக்கிழமை விருந்து. வறுவலுக்கு வஞ்சிரம். அந்த வீட்டில் எப்போதும் டவுனில் வாங்குவார்கள். தெருவில் கூவி விற்கிறவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் விருந்து வீட்டு ஆர்டர் அதுதான் முதல்.

சிக்கல் ஒன்று இருந்தது. வெள்ளி ஆயுத பூஜை, சனி விஜயதசமி. கடற்கரையில் மீன்பிடி போட்டுக்கும் பூஜைதான். இன்ஜினுக்கு மாலை போட்டுக் கரையில் நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். ஞாயிறு காலை புது மீன் கிடைக்காது.

வியாழக்கிழமையே வாங்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு மீனை அவள் ஒரே நேரத்தில் எடுத்து நான் பார்த்ததில்லை. மொபெட் முன்சக்கரம் தூக்கியது.

"ஞாயித்துக்கெழம காலயில எடுத்துக்குறேன்ணா. உன் பெட்டி கீற தைரியத்துலதான் ஒத்துக்குனேன். இது நல்லா போச்சுனா அந்த வூட்டுச் சொந்தக்காரங்க அத்தினி பேரும் வாங்குவாங்க."

"வை. நான் பாத்துக்குறேன்."

அதுதான் நான் சொன்ன வார்த்தை.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகையைக் கழுவினேன். பெட்டிகளைத் துடைத்தேன். என் பெண்சாதி சந்தனம் கரைத்துக் கொண்டுவந்தாள். சிவப்பு சுவிட்சைக் கீழே தள்ளினேன். பெட்டி மேல் கை வைத்தேன். நடுக்கம் நின்றிருந்தது. கும்பிட்டேன்.

மீன் உள்ளே இருப்பது தெரியும். மறக்கவில்லை. மூடி மூடித்தான் இருக்கிறது, குளிர் எங்கே போய்விடும் என்று நினைத்தேன். அதற்கு முன் நாலு நாளாக மேகம் போட்டுத் தூறி, அன்றுதான் விட்டிருந்தது. வெயில் இல்லாததால் உள்ளே பனி அரைகுறையாகத்தான் உறைந்திருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது மில். நெல் ஒரு நாளில் கெடாது.

ஏணி போட்டுக் கூரை மேல் ஏறினேன். ஒவ்வொரு தகட்டிலும் மூன்று விரலால் சந்தனப் பட்டை இழுத்தேன். நடுவில் குங்குமம். பூசணிக்காய் உடைத்தோம். கொட்டகையின் முன்கால் இரண்டிலும் வாழைக்கன்று கட்டினேன். நல்ல உயரமான கன்று. இலை கூரை மேல் சாய்ந்து விழுந்தது. பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கற்பூரம் காட்டும்போது இரண்டு மூடியையும் திறந்து வைத்து உள்ளேயும் காட்டினேன். மில்லில் அப்படித்தான், இயந்திரத்தின் வயிற்றுக்குள் காட்ட வேண்டும். ரோட்டில் போனவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பொரி கொடுத்தோம்.

அருவாள், மண்வெட்டி, ஏணி எல்லாவற்றையும் வீட்டில் பூஜையில் வைத்தோம். என் பெண்சாதி கேட்டாள்:

"உன் போன வெக்கலியா? இப்ப உனுக்கு அதானே ஆயுதம்?"

சரியாகத்தான் சொல்கிறாள் என்று பட்டது. போனை அணைத்தேன். அதற்கும் ஒரு பொட்டு வைத்து மண்வெட்டி பக்கத்தில் வைத்தேன்.

கம்பெனி ஆபீசில் எங்கள் பெட்டி ஓடுவதும் நிற்பதும் கம்ப்யூட்டரில் தெரியும். அந்த சார் வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குப் போன் போட்டிருக்கிறார். போன் பூஜையில் இருந்தது.

சனிக்கிழமை மறுபூஜை. காலையிலேயே போட்டிருக்கலாம். ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்தேன். கழிந்த பிறகு கற்பூரம் காட்டி சுவிட்சை மேலே தள்ளினேன். கை வைத்துப் பார்த்தேன். நடுக்கம் வந்தது. ஆனால் சோர்வாக இருந்தது. வீட்டுக்குப் போய் போனை எடுத்துப் போட்டேன். போட்ட உடனே அடித்தது.

"அண்ணா! எங்க போனீங்க? நேத்துலேர்ந்து ஆஃப்ல காட்டுது. ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல சார். பூஜை."

"பூஜைன்னா?"

"நிறுத்தி வெச்சிருந்தேன் சார். ஆயுத பூஜைக்கு."

போனில் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சரிண்ணா. இப்ப ஆன்ல இருக்கு. ஆனா பாதிகூட வரல. பேனல் மேல ஏதாச்சும் இருக்கா?"

"சந்தனம் சார்."

"எதுலண்ணா?"

"எல்லாத்துலயும். பட்டையா."

"வேற?"

"வாழக்கன்னு சார். எல மேல கெடக்குது."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அண்ணா, மொதல்ல ஏறி அதக் கழுவுங்க. அப்பறம் பேசலாம்" என்றார்.

ஏறினேன். சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. துணி வைத்து, நகத்தால் சுரண்டி எடுத்தேன். கட்டிய வாழையை மறுநாளே வெட்டினேன். ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "இன்னாப்பா, சாமி கோச்சுக்கினாரா?" என்றார். இலையை இழுத்துக் கீழே போட்டேன்.

திரும்பப் போன் வந்தது. "உள்ள என்னண்ணா இருக்கு?"

"மீன் சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் இருக்கிற குளிரும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. பயம். அவள் நம்பர் போனில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானமே சொல்லியிருந்தால் அவள் வேறு வழி பார்த்திருப்பாள். டவுனில் ஐஸ் வைத்த மீன் கிடைத்திருக்கும். சாயங்காலத்துக்குள் குளிர்ந்துவிடும், சரியாகிவிடும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு விடிந்ததும் வந்தாள். புதுப் புடவை. தலையில் பூ. விருந்து வீட்டுக்குப் போகிறோம் என்று கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூக்காரியும், பூஜைக்கே பூவெல்லாம் விற்றுக் காலியாகக் கிடந்த தன் ட்ரேயை எடுக்க வந்திருந்தாள்.

மூடியைத் தூக்கினாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாடை சொல்லிவிட்டது.

ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தாள். காவி நிறம். இன்னொன்றை எடுத்தாள். வயிற்றில் விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழவில்லை. அடியிலிருந்து ஒன்று எடுத்தாள். அதையும் போட்டாள். கொட்டகைக் காலில் மீதியிருந்த வாழைத் தண்டைப் பார்த்தாள். மூடியின் மேல் நான் வைத்த பொட்டைப் பார்த்தாள்.

"பெட்டிய நிறுத்துனியாண்ணா?"

"பூஜைக்கு."

பூக்காரி சிரித்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா! பெட்டிக்கு லீவு உட்டியா? லீவுனு மீனுக்கும் ஒரு வார்த்த சொல்லிருந்தா அது கெடாம இருந்திருக்குமே!"

மீன்காரி சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

"அடியில ரெண்டு மூணு தேறாதா?" என்று கேட்டேன்.

"தேறும். விருந்து வூடுண்ணா. புள்ளைங்க சாப்புடும். வேணாம்."

மூடியை மெதுவாக மூடினாள்.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"நான் போயி சொல்றேன்."

தோளைக் குலுக்கிவிட்டு மொபெட்டை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்தேன். அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். காலிக் கூடை. பள்ளத்தில் விழும்போதெல்லாம் டங்கென்று என் முகவாயில் இடித்தது. டீக்கடையில் இருந்தவன் கத்தினான்: "இன்னா மாமா, இந்த வயசுல மீன் யாவாரமா?" அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அந்த வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் வேட்டி சட்டையில் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவர் வயல் நெல்லை எங்கள் மில்லில்தான் அரைத்தார்கள்.

"அட, மில்லுக்காரரு! வாங்க, வாங்க. நல்லா கீறீங்களா?"

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"மீன் கெட்டுப்போச்சுங்க. பெட்டிய நான்தான் நிறுத்துனேன். பூஜைக்குன்னு. அந்தம்மா மேல தப்பில்ல."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை.

"மில்லுலயே கெடந்த மனுஷன். பழக்கம் எங்க போவும்? வுடுங்க. உக்காருங்க மொதல்ல. காப்பி சாப்புடுங்க."

தோளில் கை வைத்து உட்கார வைத்தார். உட்கார்ந்தேன்.

சேதி உள்ளே போயிருக்கும். வீட்டுக்கார அம்மா வந்தார். என்னைத் தாண்டிப் பந்தலுக்கு வெளியே போனார். மீன்காரி மொபெட் பக்கத்தில் வெயிலில் நின்றிருந்தாள்.

"இன்னாடி இப்பிடிப் பண்ணிட்ட? நல்ல காரியத்துல? டவுன்லயே வாங்கலாம்னு தலபாடா அடிச்சுக்குனேன். பாவம், தெருவுல வர்றவளாச்சேனு உன்கிட்ட சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்."

"கெட்டத குடுக்கக் கூடாதுனுதாம்மா வந்து சொல்றேன்" என்றாள் அவள்.

"சொல்ல வந்துட்டா. பெரிசா."

நான் எழுந்தேன். "தப்பு என்னுதுங்க. அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"நீங்க உக்காருங்கண்ணே. உங்கள யாரு சொன்னா?"

எனக்கு 'ங்க'. அவளுக்கு 'டி'. பெட்டியை நிறுத்தியவன் நான்.

காபி வந்தது. எவர்சில்வர் டம்ளரில், ஆற்றுவதற்கு டவராவும் வைத்து. ஒன்றுதான் வந்தது. யாரோ கோழிக்கு ஆள் அனுப்பினார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று இந்த வருஷ மழை பற்றிப் பேசினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடித்தேன். ஆற்றிக் குடித்தேன். அவள் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். புதுப் புடவை. நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். என்னை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமே.

திரும்பும்போது ஏரிக்கரை வழியாக வந்தோம். கரையேறியதும் கேட்டாள்:

"காப்பி நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ம்."

அவ்வளவுதான் கேட்டாள்.

மீனை என் வீட்டுத் தென்னை அடியில் குழி வெட்டிப் புதைத்தேன். வாடை போக ஒரு வாரம் ஆனது. பெட்டியை வெந்நீர் விட்டு, எலுமிச்சை தேய்த்துக் கழுவினேன்.

எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். லீவுக்காரர். டீக்கடையில், கோயிலில், ரேஷன் கடை வரிசையில். "இன்னைக்கு உன் பெட்டி டியூட்டியா, லீவா?" என்பார்கள். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று கற்றுக்கொண்டேன்.

கம்பெனி சார் நேரில் வந்தார். சுவிட்சுக்கு மேல் ஒரு கூண்டு போட்டுப் பூட்டினார். "தப்பு எங்களுதுண்ணா. எப்பவும் நிறுத்தக் கூடாதுன்னு நாங்க சொல்லியிருக்கணும். எங்களுக்கு இது தோணவே இல்ல" என்றார். மீன்காரிக்கு மீன் காசைக் கம்பெனியே கொடுத்துவிட்டது. எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள். பெண்சாதிகூட, தான்தான் சந்தனம் கரைத்தது என்றாள். ஒருவராவது நன்றாகத் திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

அவள் பெட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். மறுபடி உச்சிப்பொழுதில் பாதி விலைக்குக் கூவுகிற குரல் கேட்டது. கொட்டகையைத் தாண்டும்போது ஹாரன் மட்டும் அடிப்பாள். திரும்ப மாட்டாள். அவள் வராததால் மற்றவர்களும் குறைந்தார்கள். பூக்காரி மட்டும் வந்தாள், அதுவும் கிண்டல் செய்ய ஆள் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

"அவ வந்தாத்தான் மத்தவளுங்க வருவாளுங்க" என்றாள் ஒரு நாள். "நீ போயி கூப்புடு."

"எந்த மூஞ்சிய வெச்சுக்குனு?"

"இருக்குற மூஞ்சியதான். வேற ஒண்ணு வாங்கவா முடியும்?"

நான் அவளிடம் போகவில்லை. அந்த விருந்து வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸ் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். இந்தத் தடவை உட்காரவில்லை. கிறிஸ்துமஸ் மீனை மீன்காரியிடமே வாங்க வேண்டும் என்று கேட்டேன். கடல் கொந்தளிப்பான மாதம், போட்டு இறங்குமா என்று தெரியாது, முன்னாலேயே எடுத்துப் பெட்டியில் வைத்தால்தான் கிடைக்கும் என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசியது அவருக்கே ஆச்சரியம்.

உள்ளே போய்ப் பெண்சாதியிடம் பேசிவிட்டு வந்தார்.

"வூட்டுல வேணாம்னுதான் சொல்றாங்க. நீங்க பொறுப்புனா சரி. உங்களுக்காகத்தான்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

சோரியாங்குப்பத்துக்குப் போனேன். அவள் வாசலில் அன்னக்கூடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்மசுக்கு மீனு உன்கிட்டயே வாங்கிக்கிறேன்னாங்க."

"யாரு?"

"அந்த வூட்டுல."

"உன்ன யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"என்ன நம்பி ஒத்துக்குனாங்களா, உன்ன நம்பியா?"

நான் அவள் கூடையைப் பார்த்தேன்.

"தெரியும்" என்றாள். கூடையைக் கவிழ்த்துத் தண்ணீர் விட்டாள். "மீன்காரிக்கு ரோஷம் வந்தா மீனு நாறிப்பூடும்ணா. எத்தினி கிலோனு சொன்னாங்க?"

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு மூடி மேல் தட்டினாள்.

"இதுக்கு கிறிஸ்மஸ் லீவு உண்டா?"

"இல்ல."

"நல்லா கேட்டுக்குனியா அதுகிட்ட?"

அவள் போன பிறகு மேகம் போட்டது. சாருக்கு நானே போன் செய்தேன். "மூடியத் தொறக்காதீங்கண்ணா, தாங்கும். நானும் இங்கேர்ந்து பாத்துட்டு இருக்கேன்" என்றார். தூறல் விட்ட போதெல்லாம் ஏணி போட்டு ஏறித் தகட்டைத் துடைத்தேன். வேப்பஞ்சருகு விழுந்தாலும் எடுத்தேன். பூக்காரி ட்ரே எடுக்க வந்தாலும் அந்தப் பெட்டி பக்கம் விடவில்லை. நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை. பெட்டி மேல் கையை வைத்தபடி நின்றேன். நடுக்கம் இருந்தது. சாப்பிடப் போனபோதும் உள்ளங்கையில் அது இருந்தது.

எடுக்க வந்தாள். பழைய புடவைதான் கட்டியிருந்தாள். மூடியைத் தூக்கினாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் மீனை எடுத்தாள். செவுளைப் பிரித்தாள். பிரித்ததை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

ரத்தச் சிவப்பு.

"பாத்துக்க" என்றாள்.

பார்த்தேன்.

ஒவ்வொன்றாக எடுத்து அன்னக்கூடையில் அடுக்கினாள். மேலே ஈரச்சாக்குப் போட்டுக் கட்டினாள். மொபெட்டைக் கிளப்பிவிட்டு ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"வர்றியாண்ணா? காப்பி குடுப்பாங்க."

"நீ போ."

போனாள். நான் போகவில்லை. போனால் எனக்கு மட்டும் நாற்காலி போடுவார்கள்.